சூட்டு வலியா, பிரசவ வலியா?

நிறைமாதப் பெண் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தால், அவள் வயிற்றில் கையை வைத்துப் பத்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்துவிடுவேன். வயிறு எத்தனை முறை கல்லாக இறுகுகிறது, ஒவ்வொரு இறுக்கமும் எத்தனை விநாடி நிற்கிறது என்று கடிகாரத்தைப் பார்த்து எண்ண வேண்டும். சூட்டு வலி பெரும்பாலும் கொஞ்சம் நடந்தாலோ, தண்ணீர் குடித்துப் படுத்தாலோ அடங்கிவிடும். பிரசவ வலி அடங்காது. நேரம் ஆக ஆக இடைவெளி குறையும். அவசரப்பட்டுச் சூட்டு வலிக்கே அட்மிட் போட்டுவிட்டால், மறுநாள் கேஸ் ஷீட்டில் 'வலி முன்னேறவில்லை' என்று ஏறும். பிறகு டிரிப், ஊசி, கடைசியில் தியேட்டர்.

நான் கிராம சுகாதாரச் செவிலியராகச் சேர்ந்த காலத்தில் துணை சுகாதார நிலையத்திலேயே பிரசவம் பார்ப்போம். ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியர்களைப் போட்டு 24 மணி நேரச் சேவை வந்த பிறகு அந்த வேலை அங்கே போய்விட்டது. போனது நல்லதுதான். உதிரப்போக்கோடு ஒருத்தி கிடக்க, நடுராத்திரியில் வண்டி தேடி ஓடிய காலத்தை நினைத்து எனக்கு ஏக்கமெல்லாம் இல்லை. இப்போது எங்களுக்குப் பதிவு, மாத்திரை, தடுப்பூசி, பிக்மி என்னும் கர்ப்பப் பதிவு எண், முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித்தொகை. தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு போனவளைப் போனில் தேடிப் பிடிப்பதே தனி உத்தியோகம்!

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில்தான் நடந்தன, மொத்தத்தில் 44.9 சதவீதம் சிசேரியன். தனியாரில் மட்டும் பார்த்தால் 63.8. சிசேரியனால் பிழைத்த தாய்களை நானே பார்த்திருக்கிறேன், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் இத்தனை பேருக்கும் கத்தி வேண்டியிருந்தது என்றால் நம்ப மாட்டேன். மருத்துவமனைக்குப் பெண்களை வரவழைத்த கொள்கை, அங்கே அவர்கள் பக்கத்தில் இருந்து வலியைக் கவனிக்கப் போதுமான ஆட்களைப் போடவில்லை. கூட்டம் நிறைந்த வார்டில் பொறுமைக்கு ஏது நேரம்?

செவிலியர்களுக்கு 18 மாதத் தனிப் பயிற்சி கொடுத்து, சிக்கலில்லாத பிரசவங்களை அவர்கள் பொறுப்பிலேயே விடலாம் என்று 2018-இல் மத்திய அரசு வழிகாட்டுதல் வெளியிட்டது. சரியான யோசனை. ஆனால் பயிற்சி முடித்து வருபவரை ஊசி போடவும் ரிஜிஸ்டர் எழுதவும் உட்காரவைத்தால் எல்லாம் வீண்.

ஆய்வுக் கூட்டத்துக்கு எங்களைக் கூப்பிடுவது, பதிவு ஏன் குறைந்தது என்று கேட்கத்தான். பிரசவ அறைக்கு எத்தனை செவிலியர் என்று முடிவெடுக்கும் நாளிலும் எங்களில் ஒருவரைக் கூப்பிடுங்கள்.