கழுவினால் போகாத மாசு

சிவகாசி வட்டாரத்தில் கரியை அறியாதவர் இலர். வெடியுப்பு, கந்தகம், கரி ஆகிய மூன்றும் சேர்ந்ததே கருமருந்து. வெடிக்கும் மருந்தில் சேரும் கரியே குடிநீரைத் தூய்மை செய்யவும் உதவுகிறது. தேங்காய்ச் சிரட்டைக் கரியை ஏறத்தாழ 900 பாகை செல்சியஸ் வெப்பத்தில் நீராவியால் பதப்படுத்தினால் அதில் எண்ணிறந்த நுண்துளைகள் திறக்கின்றன. ஒரு கிராமின் உட்பரப்பு 1000 சதுர மீட்டர், அதாவது 25 சென்ட் நிலம், அளவுக்கு இருக்கக்கூடும்!

சென்ற கோடையில் எங்கள் பங்கு இல்லத்து வடிகட்டியின் கரி பயனற்றுப் போயிற்று. சிக்கனம் கருதி, அதனைக் கொதிநீரில் அலசி, வெயிலில் உலர்த்தி, மீண்டும் இட்டேன். இரண்டாம் நாளே நீரில் பழைய வாடை வீசிற்று. மறைக்கல்விக்கு வரும் சிறுவர் அந்நீரை அருந்தினரே என்று நாணினேன்.

விவரம் அறிந்த ஒருவர் விளக்கினார்: கழுவினால் மேற்புறத் தூசி நீங்கும், துளைகளுள் பற்றிய மாசு நீங்காது. காற்றுப் புகாத உலையில், நீராவியுடன், 800 பாகைக்கு மேல் மீண்டும் சுட்டால்தான் கரி புத்துயிர் பெறும். அப்போதும் ஒரு பங்கு எரிந்து குறையும். வீட்டு அடுப்பில் முயன்றால் சாம்பலே எஞ்சும். ஆகவே வீட்டில் புதுக் கரி மாற்றுவதே முறை.

எசாயாவின் உதடுகளைத் தூய்மையாக்கியதும் பலிபீடத்துத் தணலன்றோ? நானோ பல ஆண்டுகளாக என் உள்ளத்தையும் மேலாகவே அலசி வந்திருக்கிறேன்.

அன்றே புதுக் கரி வாங்கினேன். சனிக்கிழமை அயற்பங்குக் குருவிடம் சென்று, அவசரமின்றி ஒப்புரவு செய்தேன்.