தங்க அம்பாரி சுமந்தவர்கள்

பத்தாம் எண் சட்டை போட்டவர்களில் யார் பெரியவர்? பெலேயா, மாரடோனாவா, மெஸ்ஸியா? கால்பந்து ஆடும் ஊர்களில் ஓயாத வழக்கு இது. மைசூருவில் அந்த வழக்கை யானைகளை வைத்து நடத்துகிறார்கள். விஜயதசமியன்று சாமுண்டேசுவரி அமரும் தங்க அம்பாரியின் எடை 750 கிலோ. தசரா ஊர்வலம் அரண்மனையிலிருந்து பன்னிமண்டபம் வரை ஏறத்தாழ 5 கிலோமீட்டர். யார் சுமந்தாலும் பாரம் அதேதான். அதனால்தான் ஒப்பிட முடிகிறது.

தசராவுக்கு முன்பு, காலை ஒத்திகை பார்க்க சயாஜி ராவ் சாலை ஓரம் நின்றேன். முதுகில் மணல் மூட்டைகளோடு யானைகள் வரிசையாக வந்தன. அவ்வளவு பெரிய உடம்பு அவ்வளவு மெத்தென்று நடப்பதைப் பார்த்து மலைத்துப்போனேன். பக்கத்தில் நின்ற பெரியவருக்கு மலைப்பெல்லாம் இல்லை. “துரோணா மாதிரி வராது சார்” என்றார். 18 தசராக்களில் சுமந்த யானை அது. 1998இல் மின்கம்பி பட்டு இறந்தது.

அடுத்து வந்தது பலராமா. 1999 முதல் 2011 வரை, சாதுவான யானை என்று பெயரெடுத்தே சுமந்தது.

பேச்சு அர்ஜுனாவுக்கு வந்ததும் பெரியவரின் குரல் மாறியது. 2012 முதல் 2019 வரை எட்டு முறை சுமந்த யானை. அறுபது வயதைத் தாண்டியவற்றின் மேல் பாரம் ஏற்றக்கூடாது என்பதால் அம்பாரியிலிருந்து விடுவித்தார்கள். ஆனால் காட்டு வேலையிலிருந்து விடுவிக்கவில்லை. 2023 டிசம்பர் 4 அன்று ஹாசன் மாவட்டத்தில், காட்டு யானையைப் பிடிக்கப் போன இடத்தில் கொம்பன் ஒன்று தாக்கிச் செத்தது. ஓய்வு கொடுத்த யானையை ஏன் கூட்டிப் போனார்கள் என்று அவர் கேட்டார். எனக்கும் அந்தக் கேள்வி நியாயமாகவே பட்டது.

என் மனம் சாய்ந்தது அபிமன்யு பக்கம். 2020இல், கொரோனா காலத்தில், ஊர்வலம் அரண்மனை வளாகத்துக்குள்ளேயே முடிந்துபோன ஆண்டில்தான் அது முதன்முதலாக அம்பாரியைச் சுமந்தது. அதற்கு வெகுகாலம் முன்பே காட்டு யானைகளையும் புலிகளையும் பிடிக்கும் பணிகளில் முன்னே நின்று பேர் வாங்கியிருந்தது. காட்டில் மதயானையை எதிர்த்து நிற்கும் அதே மிருகம், பீரங்கி வெடித்தாலும் லட்சம் பேர் கூச்சலிட்டாலும் சாமியைக் குலுக்காமல் நடக்கிறதே! வீரமும் பொறுமையும் ஒரே உடம்பில் இப்படிச் சேர்ந்து நான் பார்த்ததில்லை.

பெரியவர் ஒப்புக்கொள்ளவில்லை. “நீங்க துரோணாவைப் பார்த்ததில்லையே சார்” என்றார். அதற்குள் பின்னால் நின்ற கல்லூரிப் பையன்கள், அடுத்தது மகேந்திராவா தனஞ்சயாவா என்று தொடங்கிவிட்டார்கள்.