வாசலுக்கு எந்தக் கனகாம்பரம்?

நிலக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். முக்கால் ஏக்கர் கிணற்றுப் பாசனம். கத்தரி, தக்காளி, வெண்டை என்று மாற்றி மாற்றி வெள்ளாமை. அதில் வருவது உரக்கடைக்கும் கடனுக்கும் சரியாகப் போய்விடும். வேலியோரம் இரண்டு வரிசையில் நின்ற நூறு கனகாம்பரச் செடிகள் மட்டும் அந்த வீட்டு மருமகளின் சொந்தக் கணக்கு. ஒருநாள் விட்டு ஒருநாள் விடியற்காலையில் பறித்துக் கட்டினால் நாலு முழம் தேறும். தெருவிலேயே விற்றுவிடும். மகளின் பஸ் செலவும் நோட்டுப் புத்தகமும் அந்தக் காசில்தான்.

நூறும் டெல்லி கனகாம்பரம். ஒரு நாற்றுப் பண்ணையில் பை ஐந்து, பத்தாக வாங்கி வந்து சேர்த்தவை. பூ பெரிது, நிறம் அடர்த்தி, கட்டினால் சரம் நிறைந்து தெரியும். மகசூலும் கூடுதல். சாதாரண ஆரஞ்சு ரகம் ஹெக்டேருக்கு ஆண்டுக்குச் சுமார் 2,000 கிலோ கொடுத்தால், டெல்லி 2,800 கிலோ வரை கொடுக்கும். வாங்கும்போது அவர் கேட்டதெல்லாம் இந்த விவரம்தான். செடி எந்த மண்ணில் வளர்ந்தது, வேர் எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை.

இரண்டாம் வருடம் தை மாதம், வாய்க்கால் ஓரத்துச் செடிகள் வெளுத்தன. இலை சிறுத்தது, பூங்கதிர் குட்டையானது. கடையில் கேட்டார். இரும்புச்சத்துக் குறை என்றார்கள். கனகாம்பரத்தில் அது உண்டு. சுண்ணாம்பு மண்ணில் குருத்திலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி கலந்து தெளித்தால் தெளியும். இவரும் இரண்டு முறை தெளித்தார். பச்சை திரும்பவில்லை. வெயிலேற ஏறச் செடிகள் தலை சாய்ந்தன.

மாமியார் திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, மேல தெளிச்சது போதும். ஒரு செடியப் பிடுங்கிப் பாரு."

"பூக்குற செடிய எப்படி அத்தே பிடுங்குறது?"

"ஒண்ணப் பிடுங்காட்டி மிச்சமும் போயிரும்."

பிடுங்கினார். வேரில் பாசிமணி கோத்ததுபோல முடிச்சு முடிச்சாக இருந்தது. நடுவில் கறுத்து அழுகிய வேர்களும் இருந்தன. நூற்புழு. அது துளைத்த வேரில் வாடல் பூஞ்சாணமும் சுலபமாக நுழைந்துவிடும். அப்புறம் மேலே எதைத் தெளித்தாலும் ஏறாது. கத்தரிக்கும் தக்காளிக்கும் வெண்டைக்கும் வருவது இதே வேர்முடிச்சுப் புழுதான். காய்கறிப் பாத்தியில் பாயும் தண்ணீர்தான் வேலியோரத்துக்கும் வந்தது. பண்ணையிலிருந்து வந்த பை மண்ணிலும் புழு இருந்திருக்கலாம். எது முந்தி என்று இனிக் கண்டுபிடிக்க முடியாது. மாசிக்குள் அறுபது செடி போயிற்று. மகளின் பஸ் காசுக்கு அவர் கணவரிடம் கை நீட்ட வேண்டி வந்தது. செடி போனதைவிட அதுதான் அவருக்குப் பெரிதாக இருந்தது.

டெல்லி ரகத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. அது விதை கட்டாது. அதில் குரோமோசோம் மூன்று தொகுதி. அதனால் குச்சி வைத்துத்தான் பெருக்க முடியும். செடி அத்தனையும் போனால் திரும்பக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். ஆனால் வேரிலும் மண்ணிலும் இருக்கும் இந்தப் புழு நுனிக்கிளையில் இருப்பதில்லை. தூரத்து முனையில் வாடாமல் நின்ற செடிகளிலிருந்து நுனிக் குச்சிகளை நறுக்கி, சுத்தமான ஆற்று மணலில், வேப்பமர நிழலில் ஊன்றினார். கத்தரியை ஒவ்வொரு செடிக்கும் கழுவினார். முப்பதில் இருபது வேர் பிடித்தது.

அந்த இருபதையும் அவர் மண்ணில் நடவில்லை. பழைய பெயின்ட் வாளிகளில் அடியில் துளை போட்டு வைத்தார். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு. இந்தக் கலவையை நனைத்து, கண்ணாடி போன்ற பாலித்தீன் தாளால் மூடி, சித்திரை வெயிலில் ஐந்து வாரம் வேகவிட்டிருந்தார். வாளிக்கு ஒரு கைப்பிடி வேப்பம்பிண்ணாக்கு. வேர் தரையைத் தொடாதபடி வாளிக்கு அடியில் செங்கல். காலை வெயிலும் மதிய நிழலும் விழும் திண்ணை ஓரம் கனகாம்பரத்துக்குப் போதும். நுனியைக் கிள்ளிவிட்டதில் வாளி நிறையக் கிளைத்தது.

வேலியோரத்தில் நோய்ச் செடிகளை வேரோடு பிடுங்கி எரித்தாயிற்று. வைகாசியில் அங்கே செண்டுமல்லி. அதன் வேர்களில் இருக்கும் பொருள் நூற்புழுவை அடக்கும், பூவும் காசாகும். பறித்து முடித்ததும் செடியை அப்படியே மண்ணில் மடக்கிவிட்டார்.

அடுத்து என்ன நடுவது என்பதற்கு விடை துணி துவைக்கும் கல்லோரம் நின்றது. மாமியார் வைத்த நாட்டு ஆரஞ்சு. பூ சிறிது, நிறமும் ஒரு படி குறைவு. நூற்புழுவுக்கு அதுவும் தப்பாது. அந்த இடத்துக்கு வாய்க்கால் தண்ணீர் போகவில்லை, அவ்வளவுதான். ஆனால் அது விதை கட்டும். வெளி மண் ஒரு பிடிகூட வீட்டுக்குள் வராமல் நூறு செடி உண்டாக்கலாம். போனாலும் விதை கையில் இருக்கும்.

ஆடியில் மேட்டுப்பாத்தியில் விதைத்து, அறுபது நாள் நாற்றை ஐப்பசி தொடக்கத்தில் நட்டார்கள். வரிசைக்கு வரிசை 60 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 30. காய்கறி வாய்க்காலுக்கும் வேலிக்கும் நடுவே கரை எழுப்பி, இங்கே குழாய்த் தண்ணீர் மட்டும். அந்த வீட்டில் இப்போது ஒரு வழக்கம் வந்துவிட்டது. எந்த நாற்று வாங்கினாலும் பையைத் தட்டி வேரைப் பார்த்த பிறகுதான் காசு.

தை பிறந்தபோது வேலியோரம் முதல் கதிர்கள் பூத்தன. திண்ணை டெல்லியும் வேலி ஆரஞ்சும் சேர்த்து மூன்று முழம். பழைய நாலு முழம் இன்னும் வரவில்லை. ஆனால் பஸ் காசுக்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

கல்லோரத்துச் செடியில் பழுத்த காய்களை மகள் பறித்து, தண்ணீரில் போட்டு டப் டப் என்று வெடிக்கவிட்டுக்கொண்டிருந்தாள். ஈரம் பட்டால் வெடித்து விதை சிதறும். திண்ணையிலிருந்து பாட்டியின் குரல் வந்தது:

"அடியே, அது விதைக்கு வச்சது. பாதியாவது துணியில முடிஞ்சு வை."