ஒட்டுநோட்டும் குழந்தையின் நினைவும்

பஸ் டிக்கெட், காய்ந்த அரச இலை, பிறந்தநாள் சாக்லேட்டின் தாள் போன்றவற்றை நோட்டில் ஒட்டி, அருகே ஓரிரு சொற்கள் எழுதிவைக்கும் ஒட்டுநோட்டு வெறும் பொழுதுபோக்காகவே கருதப்பட்டாலும், குழந்தை தன் வாழ்வைத் தானே தொகுக்கப் பழகும் இடமாகவும் அது அமைகிறது. எழுத்தாளர் மார்க் ட்வைன், பசை தடவிய பக்கங்கள் கொண்ட ஒட்டுநோட்டுக்கு 1873இல் காப்புரிமை பெற்றது, அக்காலத்திலேயே இதற்கிருந்த மோகத்தைக் காட்டும்.

ஒட்டுவதற்கான தாளைக் கோட்டின்மேல் ஒரு கை வெட்ட, மறு கை அதைத் திருப்ப வேண்டியிருப்பதால், எழுதத் தேவையான விரல் கட்டுப்பாடு இதில் பழகுகிறது. அதைவிடப் பெரிய பயன், ஒட்டியதைப் பற்றிக் குழந்தையோடு பேசும் பேச்சில் இருக்கிறது. ராபின் ஃபைவுஷ், எலைன் ரீஸ் முதலிய உளவியலாளர்கள் ஆராய்ந்த ‘விரித்து நினைவுகூர்தல்’, அதாவது நடந்ததைப் பற்றித் திறந்த கேள்விகள் கேட்டு, குழந்தையின் விடையோடு மேலும் சேர்த்துப் பேசும் முறை, நினைவையும் கதைசொல்லும் திறனையும் வளர்க்கிறது. “பஸ்ஸில போனோமா?” என்றால் “ஆமா” என்பதோடு பேச்சு முடிந்துவிடும், “ஜன்னலோரம் என்னவெல்லாம் பார்த்தே?” என்றால் ஒரு பக்கமே நிரம்பும்.

கடையில் வாங்கிய தலைவர்கள் சார்ட்டைப் பெற்றோரே இரவோடிரவாக வெட்டி ஒட்டும் பள்ளி ஆல்பத்தில் (மதிப்பெண் கிடைப்பது வேறு கதை) இவற்றில் எதுவும் நிகழ்வதில்லை. ஆகவே, குழந்தை கோணலாக ஒட்டிய இலையைப் பெரியவர்கள் நிமிர்த்தாமல் விடுவது நல்லது.