தண்ணீரைப் படித்தல்

புதியதோர் ஏரியில் தூண்டிலிடுவது, உரை கிடைக்காத பழம்பாடலைப் படிப்பது போன்றது. சொற்கள் தெரிந்தவையே, பொருள் மட்டும் எளிதில் பிடிபடாது. காவேரிப்பாக்கம் ஏரியில் கற்றதை மகேந்திரவாடி ஏரியில் அப்படியே செலுத்த இயலாது. (பின்னது மகேந்திரவர்மப் பல்லவன் வெட்டுவித்தது, அங்குள்ள குடைவரைக் கல்வெட்டு அதனை மகேந்திர தடாகம் என்கிறது.) நீரின் ஆழமும் புல்லின் செறிவும் ஏரிக்கு ஏரி வேறு. நாம் நாடியது மட்டும் எங்கும் ஒன்றே: விரால். அகநானூற்றின் 216ஆம் பாடலில் பாண்மகள் தூண்டிலிட்டுப் பிடித்து, சுட்டு, தன் தந்தைக்கு ஊட்டும் வராலும் இதுவே.

எமக்கு இக்கலையைக் கற்பித்தவர் மறைந்த எம் அத்தா. ராணிப்பேட்டைப் பக்கத்துத் தோல் பதனிடும் கூடமொன்றில் சுண்ணாம்புக் குழியில் உழைத்தவர். விடுமுறை நாளில் எம்மை அழைத்துக்கொண்டு ஏதேனும் ஓர் ஏரிக்குப் புறப்படுவார். முதலில் மீன் குத்தகைக்காரரைக் கண்டு இசைவு பெறுவார். பின்னர்த் தூண்டிலைத் தொடாமல் அரைமணி நேரம் கரையில் அமர்ந்திருப்பார். "தண்ணியப் பாருப்பா, தூண்டில அப்புறம் பாக்கலாம்" என்பார்.

விரால் செவுளால் மட்டும் வாழ்வதன்று. அவ்வப்போது மேலே வந்து காற்றை விழுங்கிச் செல்லும். அச்சிறு சுழிப்பு, கோரையும் அல்லியும் மண்டிய எவ்விளிம்பில் மீண்டும் மீண்டும் தோன்றுகிறதோ, அதுவே அதன் இருப்பிடம். செந்நிறக் குஞ்சுகள் திரளாகத் திரிந்தால், அடியில் பெற்ற மீன் காவல் நிற்கும். எதை இட்டாலும் சீறிப் பாயும். அங்கே மட்டும் தூண்டிலிடக் கூடாது என்பது அத்தாவின் கட்டளை. தவளையை இரையாக்குவதும் இல்லை. தவளையைக் கொல்வதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். இதனால் எமக்கு விரால் சற்றுக் குறைவாகவே கிடைத்தது. இன்றைய மாணவர் ரப்பர் தவளையால் அச்சிக்கலைத் தீர்த்துக்கொண்டனர்!

பாலாற்றுப் பகுதியில் கற்க வேண்டிய பாடம் இன்னொன்றும் உண்டு. தோல் கழிவுநீரால் இங்கு ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகாததாயிற்று என்னும் ஆய்வை, 1996 ஆகஸ்டில் வழங்கிய தீர்ப்பில் உச்சநீதிமன்றம் எடுத்துக்காட்டியது. கழிவு கலந்த நீரில் உயிர்வளி குன்றும். பிற மீன்கள் திணறும். விராலோ மேலே வந்து மூச்செடுத்துப் பிழைத்துக்கொள்ளும். ஆகவே விரால் இருப்பது நீரின் நலத்திற்குச் சான்றன்று. அத்தா அதனை நம்பாமல் கரையோரத்தில் கெண்டைக்குஞ்சுகளைத் தேடுவார்.

ஒருமுறை முன்பின் அறியாத ஓர் ஏரிக்குச் சென்றோம், ஊர்ப்பெயர் வேண்டா. நான்கைந்து இடங்களில் விரால் மூச்செடுத்தது. எமக்குக் கை துறுதுறுத்தது. கெண்டைக்குஞ்சு ஒன்றையும் காணோம். அத்தா ஈரமண்ணை அள்ளி முகர்ந்தார், எம்மிடமும் நீட்டினார். அவர் சட்டையில் நாள்தோறும் வீசும் அதே வாடை.

"நமக்குச் சோறு போடுற எடத்துத் தண்ணி இது" என்றவர், பிரித்த நரம்பைச் சுற்றி வைத்துவிட்டு மிதிவண்டியை எடுத்தார். அன்றிரவு எம் வீட்டில் பருப்பும் சோறுந்தான்.