சுமப்பவரும் அளப்பவரும்

தொழில்முறை உதைபந்தாட்ட வீரரொருவர் ஓர் ஆட்டத்தில் எவ்வளவு உழைக்கிறார் என்ற வினாவுக்கு நெடுங்காலமாகப் பெரும்பாலும் பயிற்றுநரின் கண்மதிப்பே விடையாக இருந்து வந்தது. இங்கிலாந்தில் ரொம் றைலி, வோன் தோமஸ் என்னும் ஆய்வாளர் இருவர் 1976இல் வெளியிட்ட ஆய்வு இந்நிலையைப் பெரிதும் மாற்றிற்று. மைதானத்திலுள்ள அடையாளங்களைத் துணைக்கொண்டு ஒவ்வொரு வீரரின் நடையையும் ஓட்டத்தையும் கண்ணால் மதிப்பிட்டு, அவற்றை ஒலிநாடாவிற் பதிந்து, பின்னர் கூட்டிப் பார்த்தனர். ஆட்டமொன்றில் ஒருவர் கடந்த தூரம் சராசரியாக 8.7 கிலோமீற்றர், அதில் பந்தைக் காலில் வைத்துக்கொண்டு கடந்தது நூற்றுக்கு 2 வீதத்திற்கும் குறைவு. பார்வையாளர் நினைவில் நிற்பது இந்த 2 வீதமே. உடல் விலை கொடுப்பதோ எஞ்சிய 98 வீதத்திற்கு.

ஆட்டத்தை அளப்பது ஒன்று. பயிற்சியை அளந்து ஊட்டுவது வேறொன்று. இரண்டாவதைத் துணிந்து மேற்கொண்டவர்களுள் முதன்மையானவர், அந்நாளைய சோவியத் ஒன்றியத்தின் டைனமோ கீவ் கழகப் பயிற்றுநர் வலேரி லொபனோவ்ஸ்கி. பொறியியல் கற்றவரான அவர், அனத்தொலி செலென்சொவ் என்னும் அறிவியலாளரைத் துணையாகக் கொண்டு, பயிற்சியின் அளவையும் கடுமையையும் கணக்கிட்டு வகுத்தார். பலன் விரைவிற் கிட்டியது. 1975இல் பெரென்ஸ்வாரொஸ் அணியை 3-0 என வென்று ஐரோப்பியக் கிண்ண வெற்றியாளர் கிண்ணத்தைக் கீவ் அணி கைப்பற்றியது. அவ்வாண்டின் ஐரோப்பியச் சிறந்த வீரர் விருது அவ்வணியின் ஒலெக் புளொக்கினுக்குக் கிடைத்தது.

மறு ஆண்டு நிகழ்ந்ததுதான் கவனத்திற்குரியது. ஏறத்தாழ முழுக் கீவ் அணியுமே சோவியத் தேசிய அணியாகவும் ஆடியது. மார்ச்சில் பிரான்சின் சென்ற் எற்றியென் கழகத்திடமும், மே மாதத்திற்குள் ஐரோப்பியக் கிண்ணப் போட்டியிற் செக்கோசிலவாக்கியாவிடமும் தோல்வி; கோடையில் மொன்றியல் ஒலிம்பிக்கில் வெண்கலம் மட்டுமே. களைத்துப்போன வீரர்கள் கிளர்ந்தெழுந்து பயிற்றுநர்களை விலக்குமாறு கோரினர். லொபனோவ்ஸ்கி தப்பினார்; அவருடன் இணைந்து பணியாற்றிய ஒலெக் பசிலேவிச் பதவி இழந்தார். இத்துணைக்கும் அன்றைய ஐரோப்பாவில் அவ்வளவு நுணுக்கமாகக் கணக்கு வைத்திருந்த கழகங்கள் மிகச் சிலவே.

கணக்கு எங்கே பிழைத்தது? 1975இல் எரிக் பனிஸ்ரரும் அவர்தம் சகாக்களும் முன்வைத்த கோட்பாடு இதற்கு ஓரளவு விளக்கந் தருகிறது. ஒவ்வொரு பயிற்சியும் உடலில் இரண்டு சுவடுகளைப் பதிக்கின்றது: ஒன்று தகுதி, மற்றது களைப்பு. களைப்பு ஆழமாகப் பதிந்து விரைவில் மறையும்; தகுதி மெல்லப் பதிந்து நெடுநாள் நிற்கும். அன்றன்றைய திறன் இவ்விரண்டினதும் வேறுபாடேயாகும். ஆகவே ஓய்வென்பது பயிற்சியின் ஓர் உறுப்பு. களைப்பு மறையுமுன் அடுத்த சுமையும், அது மறையுமுன் அதற்கடுத்ததும் ஏற்றப்படுமாயின், தகுதி உள்ளிருந்தும் வெளிப்படாது. 1976இன் கீவ் அணி அத்தகைய நிலையில் இருந்ததென்றே கொள்ளத் தோன்றுகிறது.

இன்று கருவிகளுக்குக் குறைவில்லை. மேலங்கியிற் செருகிய செய்மதிக் கருவி ஓடிய தூரத்தையும் வேகத்தையும் காட்டுகின்றது. அத்தகைய கருவிகளை ஆட்டத்தின்போதும் அணிய 2015இல் பிபா அனுமதித்தது. ஆயினும் அவை காட்டுவது புறச்சுமையை. ஒரே ஓட்டத்தை ஓடிய இருவரில் ஒருவர் இரவு நன்கு உறங்கியவர், மற்றவர் நோயிலிருந்து மீண்டவர் எனில், அகச்சுமை வேறு. அதை அறிய அமெரிக்கரான கார்ல் பொஸ்ரர் கண்ட வழி வியப்பூட்டுமளவுக்கு எளியது. பயிற்சி முடிந்து அரைமணி நேரத்தின்பின், அது எவ்வளவு கடினமாக இருந்ததென வீரரிடமே கேட்பது. அவர் 10க்கு 6 என்றால், பயிற்சி 70 நிமிடமெனில், சுமை 420. பயிற்றுநர் எளிதென வகுத்த நாட்களை வீரர்கள் கடினமாகவும், கடினமென வகுத்த நாட்களை எளிதாகவும் உணர்ந்தனர் என்பதும் அவர் கண்டதே.

இம்முறைக்கும் ஒரு முள் உண்டு. ‘மிகவும் களைத்தேன்’ என்று உண்மை சொல்லும் வீரர் அடுத்த ஆட்டத்தில் வாங்கில் அமர நேரலாம். கேட்பவரே தெரிவு செய்பவராகவும் இருக்கும்போது விடை நேர்மையாக வருமென எதிர்பார்ப்பது கடினம்.

ஒரு வாரச் சுமையை முந்திய நான்கு வாரச் சராசரியால் வகுத்து, அவ்விகிதம் 0.8க்கும் 1.3க்கும் இடைப்படின் காயத்துக்கு அஞ்சவேண்டியதில்லை என்ற கருத்து 2016 அளவில் ரிம் கபெற்றின் எழுத்துக்களால் உலகெங்கும் பரவியது. கழகங்கள் அதை வேதமெனக் கொண்டன. பின்னர் அதன் கணித அடிப்படையே ஐயத்துக்குள்ளாயிற்று. ஐரோப்பாவின் முன்னணிக் கழகங்களைப் பல்லாண்டு தொடர்ந்து நோக்கிய ஆய்வில், மொத்தக் காயங்களுள் பின்தொடைத் தசைக் காயத்தின் பங்கு 2001/02இல் 12 வீதமாயிருந்து 2021/22இல் 24 வீதமாயிற்று. அளவுகள் பெருகிய அதே காலத்திலேயே காயமும் பெருகியது.

பயிற்றுநர் குறைக்கக்கூடியது பயிற்சியை மட்டுமே. ஆட்டங்களின் நாட்காட்டி அவர் கையில் இல்லை. ஸ்பானிய வீரர் பெட்ரி, பதினெட்டாம் வயதில், 2020/21இல் 70க்கு மேற்பட்ட ஆட்டங்களில் இறங்கினார். ஐரோப்பியக் கிண்ணமும் ஒலிம்பிக்கும் ஒரே கோடையில் அவரை அழைத்தன, 1976இல் கீவ் வீரர்களை அழைத்ததைப் போலவே. அடுத்த பருவத்தின் பெரும்பகுதியைத் தொடைக் காயங்கள் கவர்ந்துகொண்டன.

2024 செப்ரெம்பர் 17ஆம் நாள், வீரர்கள் வேலைநிறுத்தம் செய்வரோ என வினவப்பட்டபோது, மன்செஸ்ரர் சிற்றியின் றொட்ரி அந்நிலை நெருங்கிவிட்டதெனக் கூறினார். ஐந்து நாட்களின்பின் ஆர்சனலுடனான ஆட்டத்தில் அவரது வலது முழங்காலின் தசைநார் அறுந்தது. சுமைதான் அதற்குக் காரணமென்று எந்தக் கருவியும் நிறுவவில்லை, அல்லவென்றும் நிறுவவில்லை.