கிறவல் பாதைக்கு ஒரு மோட்டார் சைக்கிள்

ஐம்பத்தைந்து வயதில் மோட்டார் சைக்கிள் தேடி அலைகின்ற ஒரு பத்திரிகையாளனைப் பார்த்து நண்பர்கள் சிரிப்பதில் வியப்பில்லை. கார் ஒன்றை வாங்கிக்கொண்டு கௌரவமாக ஓடித்திரியலாமே என்று கேட்டவர்களும் உண்டு. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்துவிடப்பட்டது. அந்த ஐந்து ஆண்டுகளில் பழைய கார்களின் விலை எங்கே போய் நின்றது என்பதை எனது சம்பளத்தை அறிந்த அந்த நண்பர்கள் ஏனோ மறந்துவிடுகிறார்கள். அது ஒருபுறம் இருக்க, நான் போகவேண்டிய இடங்கள் பலவற்றுக்குக் கார் போகாது.

ஏ9 வீதி இன்று கண்ணாடி போல இருக்கிறது. மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் ஏ34 வீதியிலும் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் ஒட்டுசுட்டானுக்கோ நெடுங்கேணிக்கோ அப்பால் ஏதாவதொரு குடியேற்றக் கிராமத்துக்கு இறங்கினால் முதலில் கிறவல், பிறகு மணல், அதற்கும் பிறகு குளக்கட்டு என்று பாதை மாறிக்கொண்டே போகும். நாற்பது கிலோமீற்றர் தார் வீதிக்குப் பின்னர் கடைசி ஐந்தாறு கிலோமீற்றர் இப்படி. செய்தி இருப்பதோ அந்தக் கடைசிக் கிலோமீற்றரின் முடிவில்.

அங்கே போவதற்கு வேறு வழியும் உண்டு. தொண்டு நிறுவனங்களின் ஜீப் வண்டிகளில் பத்திரிகையாளருக்கு எப்போதும் ஒரு ஆசனம் கிடைக்கும். குளிரூட்டிய வாகனத்தில் போய், அவர்கள் கட்டிக்கொடுத்த வீட்டையும் கிணற்றையும் பார்த்து, அவர்கள் அழைத்துவந்து நிறுத்தும் பயனாளியுடன் பேசிவிட்டு மாலையில் திரும்பலாம். பல ஆண்டுகள் நானும் அப்படிப் போயிருக்கிறேன். ஜீப் நிற்காத வீடுகளில் என்ன நடக்கிறது என்பதை அறிய வேண்டுமானால் சொந்த வாகனத்தில், தனியாகப் போகவேண்டும். எனவே இந்தத் தேடலை ஒரு முதியவரின் பொழுதுபோக்கு என்று வாசகர்கள் கருதிவிடக் கூடாது.

எமது தலைமுறையின் வாகனம் ஹொண்டா எம்.டி.90. ஜப்பானிய அஞ்சல் சேவைக்காகத் தயாரிக்கப்பட்டு, அங்கே கடிதம் சுமந்து ஓய்ந்தபின் எமது ஒழுங்கைகளுக்கு வந்த சிவப்பு வண்டி. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் சில துளி பெற்றோலைக் காட்டி உசுப்பிவிட்டு, மண்ணெண்ணெயில் ஓட்டினோம். அதற்கு ஈடான விசுவாசத்தை நான் சில மனிதர்களிடமும் காணவில்லை. ஆயினும் அதன் சிறிய சில்லுகள் மணலைக் கண்டதும் சுழியோடத் தொடங்கிவிடும்.

மணலிலும் கிறவலிலும் ஓட 21 அங்குல முன் சில்லு வேண்டும். பெரிய சில்லு குழியில் விழாது, குழியின் மேலால் கடந்துபோகும். கம்பிச் சில்லாக இருப்பது நல்லது; அடிபட்டு வளைந்தாலும் ஊரிலேயே நிமிர்த்திக்கொள்ளலாம். சங்கிலியும் காற்று வடிகட்டியும் அடிக்கடி கழுவக்கூடியவையாக இருக்கவேண்டும். வன்னியின் செம்புழுதி ஒயிலோடு கலந்தால் அரத்தின் வேலையைச் செய்யும்.

முதலில் எனது கண்ணில் பட்டது றோயல் என்பீல்ட் இமாலயன். 2016 இல் அறிமுகமான 411 சி.சி. வண்டி. ஆசனத்தின் உயரம் 800 மில்லிமீற்றர்தான் என்பதால் கால் இரண்டும் நன்றாக நிலத்தில் பதிகின்றன. நண்பர் ஒருவருடையதை வாங்கிப் பரந்தனிலிருந்து முறிகண்டி வரை ஓட்டியபோது சாய்மனைக் கதிரையில் இருப்பதுபோலத்தான் இருந்தது. பிரச்சினை அதன் எடையில் இருக்கிறது. ஏறத்தாழ 190 கிலோகிராம். மணலில் மோட்டார் சைக்கிள் விழுவது விபத்தல்ல, அன்றாடம் நடப்பது. விழுந்ததைத் தூக்கி நிறுத்த இரண்டாவது ஆள் வேண்டும். நான் போகும் இடங்களில் இரண்டாவது ஆள் வர அரை நாள் ஆகலாம்.

ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 அடுத்தது. 2019 இல் வந்த இந்தியத் தயாரிப்பு. 21 அங்குல முன் சில்லு, 18 அங்குலப் பின் சில்லு, 220 மில்லிமீற்றர் தரை இடைவெளி என்று கணக்குகள் எல்லாம் சரியாக இருக்கின்றன. இதுவும் 150 கிலோகிராமைத் தாண்டுகிறது என்றாலும், இளைஞர் ஒருவர் கேட்டால் இதைத்தான் வாங்கச் சொல்வேன்.

ஜப்பானின் பழைய வண்டிகளுக்கு இங்கே தனி மவுசு உண்டு. ஹொண்டா பாஜாவின் இரட்டை விளக்குகளும் சுசுகி ஜெபலின் ஒற்றைப் பெருவிளக்கும் இரவுப் பயணத்துக்கு அருமையானவை. ஆனால் பாஜாவில் ஏறி அமர்ந்தபோது எனது கால்விரல் நுனிகள் மட்டுமே நிலத்தைத் தொட்டன. உயரமான வண்டியில் ஓடும்போது அச்சமில்லை, நிறுத்தும்போதுதான் அச்சம். யானை நடமாடும் அந்தப் பக்கங்களில் இருட்டிய பின் நிற்பதற்கு எனக்கு எண்ணமுமில்லை என்பதால் பெருவிளக்கின் கவர்ச்சியும் குறைந்துபோயிற்று.

சக்தியைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். இந்த நாட்டின் அதிவேகப் பாதைகளில் மோட்டார் சைக்கிள்களுக்கு அனுமதியே இல்லை. மணிக்கு 120 கிலோமீற்றர் ஓடும் இயந்திரத்தை வாங்கி எங்கே ஓட்டுவது? 2022 இல் கியூ.ஆர். அட்டைக்கு வாரம் 4 லீற்றர் பெற்றோல் கிடைத்த நாட்களை மறக்காதவர்கள் சிறிய இயந்திரத்தின் பெருமையை அறிவார்கள்.

இதற்கிடையில் தரகர் ஒருவர் அழகான 250 சி.சி. வண்டி ஒன்றைக் காட்டினார். விலை பாதிக்கும் குறைவு. பதிவுப் புத்தகம் இல்லை, இலக்கத் தகடும் இல்லை. "காட்டுக்குள்ள தானே அண்ணை ஓடப்போறியள், அங்க ஆர் கேக்கிறது?" என்றார். காட்டுக்குப் போவதற்கும் ஏ9 வீதியால்தான் போகவேண்டும் என்பதை அவருக்கு விளக்கலாம். வருமான அனுமதிப் பத்திரம், காப்புறுதி, புகைப் பரிசோதனைச் சான்றிதழ் என்று அடுக்கலாம். நான் மறுத்ததற்கு வேறு காரணம் இருந்தது. 2006, 2007 காலப்பகுதியில் யாழ்ப்பாணத்தில் இலக்கத் தகடில்லாத மோட்டார் சைக்கிளின் சத்தம் கேட்டால் வீடுகளில் விளக்குகள் அணைந்துபோகும். 2009 ஜனவரி 8 ஆம் திகதி லசந்த விக்கிரமதுங்கவைக் கொன்றவர்கள் வந்ததும் மோட்டார் சைக்கிள்களில்தான். எமது தொழிலில் இருப்பவன் தகடில்லாத வண்டியில் ஒரு கிராமத்துக்குள் நுழைந்தால், அங்குள்ள முதியவர்கள் எனது முகத்தைப் பார்க்குமுன் வண்டியின் பின்புறத்தைப் பார்ப்பார்கள். பிறகு எந்தக் கதவும் திறக்காது.

கடைசியில் யமஹா செரோ 225 இல் வந்து நின்றேன். 1985 இல் ஜப்பானில் அறிமுகமான வண்டி. மலைச்சரிவுகளில் வாழும் ஆடு போன்றதொரு விலங்கின் பெயர் அது. பின்னர் வந்த 250 சி.சி. வகையின் உற்பத்தியும் 2020 இல் நின்றுவிட்டது. உலர் எடை நூறு கிலோகிராமைச் சற்றுத் தாண்டும். ஆசன உயரம் 810 மில்லிமீற்றர். விற்பவரின் முற்றத்திலேயே அதைப் படுக்கப்போட்டு, ஹாண்டிலை உடலோடு அணைத்து, தனியாகத் தூக்கி நிறுத்திப் பார்த்தேன். அவருக்கு எனது மனநிலை குறித்துச் சந்தேகம் வந்திருக்கவேண்டும். இரண்டாவது முறையும் தூக்கிய பின்புதான் விலை பேசினேன். தார் வீதியில் எண்பதைத் தாண்டினால் முனகுகிறது. பேருந்துகள் ஹோர்ன் அடித்து முந்திச் செல்கின்றன, செல்லட்டும்.

"பட்டன்" ரயர் போடும்படி இளைஞர்கள் சொன்னார்கள். மழை நனைத்த தார் வீதியில் அது வழுக்கும், விரைவில் தேய்ந்தும் போகும். எனது ஓட்டத்தில் முக்கால் பங்கு தார் வீதி என்பதால் இரண்டுக்கும் நடுவானதொரு ரயரையே தேடுகிறேன். உதிரியாக 21 அங்குல ரியூப் ஒன்று மட்டும் பையில் இருக்கிறது. அவசரத்துக்கு அதைப் பின் சில்லிலும் திணித்துக்கொள்ளலாம், எதிர்மாறாகச் செய்வதுதான் கடினம்.

இந்த வண்டியில் எங்கும் போகலாம் என்று வாங்கித் தந்தவர்கள் சொல்கிறார்கள். வன்னியில் அந்த வாக்கியத்துக்கு ஓர் எல்லை உண்டு. இலங்கை 2017 இல் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது. அகற்றும் பணியோ ஆண்டுக்கணக்காக நீண்டுகொண்டிருக்கிறது. மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகளைத் தாண்டிப் புதிய தடம் தேடும் வீரம் அங்கே யாருக்கும் வேண்டியதில்லை. மாடுகள் போய்வருகின்ற தடத்தில் போகிறேன். தடம் தண்ணீருக்குள் மறைந்தால் வண்டியை நிறுத்திவிட்டு, வழி தெரிந்த யாராவது வரும்வரை காத்திருக்கிறேன்.

முன் ரயர் கிளிநொச்சியில் கிடைக்கவில்லை. கொழும்பிலிருந்து பேருந்தில் போட்டுவிடுவதாகக் கடைக்காரர் சொல்லியிருக்கிறார். மாரி தொடங்குமுன் வந்துசேர்ந்தால் முத்தையன்கட்டுப் பக்கம் ஒருமுறை போகவேண்டும்.